வேகாத சோறும் பழகாத கையும்

(கொரிய மொழியில் திறமைக் குறைவைக் குறிக்கும் சொற்கள்)

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

கை தவறிக் குடத்தைக் கீழே போட்ட பெண்ணை நம் ஊரில் என்னென்ன சொல்லி அழைக்கிறோம்? ‘துப்பில்லாதவள்’, ‘கையாலாகாதவள்’, ‘மண்டு’, ‘மக்கு’. கோலத்தில் ஒரு புள்ளி தவறினாலும், தையல் வகுப்பில் நூல் சிக்கினாலும், கணக்கில் ஒரு படி பிசகினாலும் இவற்றுள் ஒன்று உடனே வந்து விழுகிறது. சொன்னவர் அதை அப்போதே மறந்துவிடுகிறார். கேட்டவள் மறப்பதில்லை. சில சமயம், ‘எனக்கு இது வராது’ என்று அந்த வேலையையே அவள் விட்டுவிடுகிறாள்.

இதே நிலையை வேறொரு மொழி எப்படிச் சொல்கிறது என்று பார்த்தால் நம் சொற்களையும் நாம் ஒருமுறை எடைபோட்டுப் பார்க்கலாம் அன்றோ? அதற்கு நாம் கொரிய மொழியை எடுத்துக்கொள்வோம். கொரிய நாடகத் தொடர்களும் பாடல்களும் இன்று நம் வீடுகளுக்குள் வந்துவிட்டன. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நிறுவனமான ஹூண்டாய் 1998 முதல் கார்களைத் தயாரித்து வருகிறது. ஆகவே அம்மொழி நமக்கு முற்றிலும் அயலானதன்று.

எழுத்தும் ஒலியும்

கொரிய எழுத்துக்கு ‘ஹாங்குல்’ என்று பெயர். ஸேஜோங் என்ற மன்னர் 1443ஆம் ஆண்டு இதனை உருவாக்கி, 1446ஆம் ஆண்டு நாட்டுக்கு அறிவித்தார். அதற்கு முன் கொரியர்கள் சீன எழுத்தையே பயன்படுத்தி வந்தனர். அதைக் கற்க நீண்ட காலம் ஆகும். ஏழை எளியவர்களுக்கு அது எட்டாக்கனியாக இருந்தது. புதிய எழுத்தை விளக்கும் நூலில் ஜொங் இன்ஜி என்னும் அறிஞர் ஒரு பின்னுரை எழுதினார். கூரிய அறிவுடையவர் ஒரு காலைப்பொழுதுக்குள்ளும், மந்தமானவர் பத்து நாட்களுக்குள்ளும் இவ்வெழுத்தைக் கற்றுவிடலாம் என்பது அவர் கருத்து. மெதுவாகக் கற்பவரையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பிறந்த எழுத்து இது. அந்நூலை 1997ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அன்று 28 எழுத்துகள் இருந்தன. இன்று 14 மெய்களும் 10 உயிர்களுமாக 24 அடிப்படை எழுத்துகள் உள்ளன.

தமிழ் மாணவியருக்கு இதில் இரண்டு வசதிகள் உண்டு. ‘காகம்’ என்று சொல்லும்போது முதல் ‘கா’ வல்லொலியாகவும் இடையில் வரும் ‘க’ மெல்லிய ஒலியாகவும் வருகிறதல்லவா? கொரிய மொழியிலும் சொல்லின் முதலில் வன்மையாக ஒலிக்கும் க, த, ப ஒலிகள் உயிர்களுக்கு இடையில் மென்மையாகின்றன. மேலும், ‘பாட்டு’, ‘காசு’ முதலிய சொற்களின் இறுதியில் இதழ் குவியாமல் ஒலிக்கும் குற்றியலுகரம் போன்ற ஓர் உயிர் கொரிய மொழியில் தனி எழுத்தாகவே இருக்கிறது. பிறமொழியினர் திணறும் ஒலி நமக்கு நாவிலேயே உள்ளது. எனவே இக்கட்டுரையில் கொரியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறோம்.

முதல் சொல்

திறமை போதாது என்பதற்கு முதலில் கற்க வேண்டிய சொல் ‘ஸொத்துருதா’ என்பது. ‘கை பழகவில்லை’, ‘தேர்ச்சி போதவில்லை’ என்று பொருள். இதனைச் சுருக்கி ‘ஸொத்துல்தா’ என்றும் சொல்வர். நம் பேச்சுவழக்கில் ‘சொதப்பல்’ என்று சொல்கிறோமே, அதை நினைத்துக்கொண்டால் இது மறக்காது. இரண்டும் உறவுச் சொற்கள் அல்ல. நினைவில் நிறுத்த ஓர் உபாயம், அவ்வளவே.

பேசும்போது பணிவாக ‘ஸொத்துல்லொயோ’ என்பர். கொரிய மொழி பேசத் தடுமாறும்போதும், பாத்திரம் துலக்கத் தெரியாதபோதும், சிறு குழந்தை காலணியின் கயிற்றைக் கட்டத் திணறும்போதும் இச்சொல் பொருந்தும். ‘ஸொத்துன் ஸோம்ஸி’ என்றால் ‘பழகாத கைத்திறன்’. தாமே செய்த பலகாரத்தையோ பரிசையோ பிறருக்குத் தரும்போது, ‘என் கைத்திறன் சுமார்தான்’ என்று அடக்கத்தோடு சொல்ல இத்தொடரைப் பயன்படுத்துவர்.

வேகாத சோறு

இனிதான் சுவையான பகுதிக்கு வருகிறோம். ‘ஸொல்தா’ என்றொரு சொல் உண்டு. சோறு சரியாக வேகாமல் அரிசியாக நறுக்கென்று கடிபட்டால் ‘ஸொல்தா’ என்பர். அறிமுகமில்லாத முகத்தையும் இதே சொல்லைச் சேர்த்து ‘நத்ஸொல்தா’ என்பர். அதாவது, ‘முகம் இன்னும் வேகவில்லை’!

இதற்கு எதிர்ச்சொல் ‘இக்தா’. சோறு வெந்தால் ‘இக்தா’. பழம் பழுத்தால் ‘இக்தா’. ஒரு வேலை கைக்குப் பழகிவிட்டாலும் அதே ‘இக்தா’. அடுப்பில் நடப்பதும், மரத்தில் நடப்பதும், மனிதரின் கையில் நடப்பதும் கொரியருக்கு ஒரே செயல்தான்.

நமக்கு இது புதிதன்று. ‘பக்குவம்’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். குழம்பு பக்குவமாக இருக்கிறது என்கிறோம். பழம் பக்குவமாகிவிட்டது என்கிறோம். அவள் பக்குவமாகப் பேசினாள் என்றும் சொல்கிறோம். அரைகுறையாக ஒன்றைச் செய்பவரை ‘அரைவேக்காடு’ என்கிறோமே, அதற்கு ஈடாகக் கொரிய மொழியில் ‘ஸொல்லிக்தா’ (பாதி வெந்தது) என்ற சொல் உண்டு. தமிழும் கொரிய மொழியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதற்கு மொழியியலாளர் ஏற்கும் சான்று இல்லை. ஆனால் இரு நாட்டாரும் சோறு உண்பவர்கள். ஒரே வகையான அடுப்பின் முன் நின்றவர்களுக்கு ஒரே வகையான உவமை தோன்றியிருக்கிறது எனலாம்.

ஏட்டு வழக்கில் திறமைக் குறைவை ‘மிஸுக்காதா’ என்பர். இது சீனமொழியிலிருந்து வந்த சொல். ‘மி’ என்றால் ‘இன்னும் இல்லை’. ‘ஸுக்’ என்றால் ‘வெந்தது, பழுத்தது’. ‘ஸுக்’ என்பதைக் குறிக்கும் சீன எழுத்தின் அடியில் நான்கு சிறு கோடுகள் இருக்கும். அவை நெருப்பைக் குறிப்பவை. ஆக, ‘திறமையற்றவர்’ என்று நாம் மொழிபெயர்க்கும் சொல்லுக்குள் ‘நெருப்பின்மேல்தான் இருக்கிறது, இன்னும் வேகவில்லை’ என்னும் பொருள் அடங்கியிருக்கிறது. நன்கு தேர்ந்த கைக்கு ‘நுங்ஸுக்காதா’ என்று பெயர். அதிலும் அதே ‘ஸுக்’ உண்டு.

காயும் கனியும்

காய்ப்பருவத்தைக் குறிக்கக் கொரிய மொழியில் ‘புத்’ என்னும் முன்னொட்டு இருக்கிறது. ‘கோச்சு’ என்றால் மிளகாய். ‘புத்கோச்சு’ என்றால் பச்சை மிளகாய். ‘ஸாகுவா’ என்றால் ஆப்பிள். ‘புத்ஸாகுவா’ என்றால் பழுக்காத ஆப்பிள். ஒரு வேலைக்குப் புதிதாய் வந்து விழிப்பவருக்கு ‘புன்னெகி’ என்று பெயர். இதன் முன்பாதியும் அதே ‘புத்’ தான். அடுத்த எழுத்தோடு சேரும்போது ஒலி மாறியிருக்கிறது. நம் ‘கற்றுக்குட்டி’க்கு இது மிக நெருங்கியது.

இன்னொரு சொல் ‘சோபோ’. ‘முதல் அடி’ என்பது இதன் நேர்ப்பொருள். எதையும் புதிதாகத் தொடங்குபவர் ‘சோபோ’. ஒன்றுமே தெரியாத நிலையில் தொடங்குபவருக்கு ‘வாங்சோபோ’ என்று பட்டம். ‘வாங்’ என்றால் அரசர்! கற்றுக்குட்டிகளுக்கெல்லாம் அரசர் என்று வேடிக்கையாகக் கூறுகிறார்கள். கொரியாவில் புதிதாகக் கார் ஓட்டுபவர்கள் பின்பக்கக் கண்ணாடியில் ‘சோபோ உன்ஜொன்’ (புதிய ஓட்டுநர்) என்று எழுதி ஒட்டிக்கொள்வதுண்டு. ‘எனக்கு இன்னும் பழகவில்லை, சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று பின்னால் வருபவரிடம் வேண்டிக்கொள்ளும் ஒட்டுச்சீட்டு அது.

கை பேசும் சொற்கள்

‘ஸோன்’ என்றால் கை. ஒரே மாதிரியாகச் சமைத்தாலும் பாட்டியின் குழம்புக்கு ஒரு தனி ருசி உண்டல்லவா? அதை நாம் ‘கைமணம்’ என்கிறோம். கொரியர் ‘ஸோன்மாத்’ (கைச்சுவை) என்கிறார்கள். கைவேலைத் திறமைக்கு ‘ஸோன்ச்செஜு’ என்று பெயர். தொட்டதெல்லாம் அழகாக அமையும் கையை இன்றைய இளைஞர்கள் ‘கும்ஸோன்’ (பொற்கை) என்பர். தொட்டதெல்லாம் கெடும் கைக்கு ‘தோங்ஸோன்’ என்று பெயர். இதன் பொருளை ஆண்டுமலரில் அச்சிடும் அளவுக்கு நாகரிகமாகச் சொன்னால் ‘சாணிக் கை’ எனலாம். தோழியர் தம்மைத் தாமே கேலி செய்துகொள்ளும் சொல் இது. பெரியோர் முன் சொல்லத்தக்கதன்று.

‘ச்சி’ என்று முடியும் ஒரு கூட்டமும் உண்டு. சுருதி சேராமல் பாடுபவர் ‘உம்ச்சி’. தாளம் தவறுபவர் ‘பாக்ச்சி’. ஆடத் தெரியாதவர் ‘மோம்ச்சி’. வழி தெரியாமல் சுற்றுபவர் ‘கில்ச்சி’. இயந்திரம் எதுவும் கைக்கு அடங்காதவர் ‘கிகேச்சி’. ‘உம்ச்சி’ என்ற சொல்லில் வரும் ‘ச்சி’ சீனமொழியில் பேதைமையைக் குறிப்பது. மற்றவை அதைப் பார்த்து ஆக்கப்பட்டவை.

இவற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘ஸொத்துல்லொயோ’ என்பது ஒரு நிலையைச் சொல்கிறது, நிலை மாறும். ‘உம்ச்சி’ என்பதோ ஆளுக்கே பெயராகிவிடுகிறது. பெயர் ஒட்டிக்கொண்டால் எளிதில் போகாது. ஆகவே கொரிய மொழியில் எல்லாச் சொற்களும் மென்மையானவை என்று நாம் கருதிவிடலாகாது. எந்த மொழியிலும் தழும்பு உண்டாக்கும் சொற்கள் இருக்கவே செய்கின்றன.

தத்தக்கா பித்தக்கா

‘தத்தக்கா பித்தக்கா’ என்று நடந்தது குழந்தை, ‘கோணல்மாணலாக’ எழுதினாள் என்றெல்லாம் நாம் சொல்வது போன்ற சொற்கள் கொரிய மொழியில் ஏராளம்.

‘துவித்துங் துவித்துங்’ என்பது வாத்துப்போல் அசைந்து அசைந்து நடப்பது. ‘பித்துல் பெத்துல்’ என்பது கோணல்மாணலான எழுத்து. ‘தொதும் தொதும்’ என்பது இருட்டில் தடவித் தடவிச் செல்வது. திக்கித் திக்கிப் படிப்பதற்கும் அதுவே சொல். ‘ஹொதுங் ஜிதுங்’ என்றால் பதறியடித்துக்கொண்டு ஓடுவது. ‘தொம்பொங்’ என்பது கனமான பொருள் நீரில் விழும் ஓசை. முன்பின் யோசியாமல் எதிலும் குதிப்பவரின் செயலை ‘தொம்பொங் தொம்பொங்’ என்பர். கண்ணால் காண்பதைக் காதுக்குக் கேட்கும்படி சொல்லும் இச்சொற்கள், திட்டுவதைவிடப் படம் பிடித்துக் காட்டுகின்றன.

ஓர் இடைவெளி

இக்கட்டுரையில் எதை மறந்தாலும் இப்பகுதியை மறவாதிருக்க வேண்டுகிறோம்.

‘ஜால்ஹாதா’ என்றால் ‘நன்றாகச் செய்தல்’. ‘மோத்தாதா’ என்றால் ‘செய்ய இயலாமை’. ‘ஜால் மோத்தாதா’ என்று இடைவெளி விட்டு எழுதினால் ‘நன்றாகச் செய்ய இயலவில்லை’ என்று பொருள். ‘ஜால்மோத்தாதா’ என்று சேர்த்து எழுதினால் பொருள் முற்றிலும் மாறி ‘குற்றம் செய்தல்’ என்றாகிவிடும். பேச்சிலும் அப்படியே. சற்று நிறுத்திச் சொன்னால் திறமைக் குறைவு. சேர்த்துச் சொன்னால் குற்றம். ‘ஜால்மோத்தெஸ்ஸொயோ’ என்பது, ‘நான் தவறு செய்துவிட்டேன்’ என்று மன்னிப்புக் கேட்கும் தொடர்.

ஓர் இடைவெளிதான். ஆனால் அந்த இடைவெளிக்குள் எவ்வளவு பெரிய நீதி இருக்கிறது! கை நழுவிக் கண்ணாடிக் குவளை உடைந்தால் அது முதல் வகை. உடைந்த துண்டுகளை ஒளித்து வைத்துவிட்டுத் தம்பியின்மேல் பழி போட்டால் அது இரண்டாம் வகை. கணக்குத் தேர்வில் முயன்றும் முப்பது மதிப்பெண் வாங்கினால் அது முதல் வகை. பக்கத்திலிருப்பவரின் தாளைப் பார்த்து எழுதி எண்பது வாங்கினால் அது இரண்டாம் வகை. ஆயினும் மதிப்பெண் அட்டை வீட்டுக்கு வரும் நாளில் முப்பது வாங்கியவள்தான் குற்றவாளியைப்போல் தலைகுனிந்து நிற்கிறாள். எண்பது வாங்கியவளுக்குப் பாராட்டும் இனிப்பும் கிடைக்கின்றன. இரண்டு சொற்களுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியை நாம் விடுவதில்லை.

இதனால் இரண்டு தீமைகள் விளைகின்றன. வராத பாடத்தைக் குற்றமாக எண்ணும் பெண், தனக்குப் புரியவில்லை என்று ஆசிரியையிடம் கேட்கவே அஞ்சுகிறாள். அதே வேளையில், உண்மையான குற்றம் நல்ல மதிப்பெண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

பழமொழிகள் இரண்டு நாட்டிலும்

இரு நாட்டுப் பழமொழிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். ‘குரங்கும் மரத்திலிருந்து விழும்’ என்பது கொரியப் பழமொழி. ‘ஆனைக்கும் அடி சறுக்கும்’ என்பது நம்முடையது. ‘பழகாத பூசாரி மத்தளத்தைக் குறை சொன்னானாம்’ என்று அங்கே சொல்வர். ‘ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று இங்கே சொல்கிறோம். ‘அரைகுறைப் பூசாரி ஆளைக் கொல்வான்’ என்று அவர்கள் எச்சரிப்பர். ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்று நாம் எச்சரிக்கிறோம். ‘பள்ளிக்கூடத்து நாயும் மூன்று ஆண்டில் கவிதை சொல்லும்’ என்பது அங்கே. ‘கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் கவி பாடும்’ என்பது இங்கே. ‘முதல் கவளத்தில் வயிறு நிறையுமா?’ என்று கேட்கும் கொரியப் பழமொழியும் உண்டு. சோறு உண்ணும் நமக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை.

விளக்கை அணைத்த தாய்

கொரியக் குழந்தைகள் அனைவரும் அறிந்த ஒரு கதையைக் கூறுவோம். ஹான் ஸொக்போங் (1543–1605) என்பவர் கொரியாவின் புகழ்பெற்ற எழுத்தோவியக் கலைஞர். அவருடைய தாய் அரிசிப் பலகாரம் விற்று மகனைப் படிக்க அனுப்பினாராம். குறித்த காலம் முடியுமுன்பே, ‘எல்லாம் கற்றுவிட்டேன்’ என்று மகன் வீடு திரும்பினான். தாய் விளக்கை அணைத்தார். ‘இருட்டில் நான் பலகாரம் நறுக்குகிறேன், நீ எழுது’ என்றார். மீண்டும் விளக்கேற்றிப் பார்த்தபோது பலகாரத் துண்டுகள் ஒரே அளவில் இருந்தன. மகனின் எழுத்துகளோ கோணல்மாணலாக இருந்தன. அன்றிரவே மகன் மீண்டும் படிக்கப் புறப்பட்டான்.

இது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஆனால் அவர் கையெழுத்தில் அமைந்த ‘ஆயிரம் எழுத்து’ நூல் 1583ஆம் ஆண்டு அச்சிடப்பட்டது வரலாறு. அந்தத் தாய் மகனை ‘மக்கு’ என்று ஏசவில்லை; உனக்கு இது வராது என்றும் சொல்லவில்லை. வெந்த கை எப்படி இருக்கும் என்பதைத் தம் கையாலேயே காட்டினார். இன்னும் வேக வேண்டும் என்று திருப்பி அனுப்பினார். கண்டிப்பும் நம்பிக்கையும் ஒருங்கே சேர்ந்த செயல் அது.

எங்கே எதைச் சொல்வது?

கொரிய மொழி கற்கும் தோழியர் மூன்று குறிப்புகளை நினைவில் கொள்க.

1. தம் குறையைத் தாமே சொல்ல ‘ஆஜிக் ஸொத்துல்லொயோ’ (இன்னும் பழகவில்லை) என்பது பொருத்தம். ‘ஆஜிக்’ என்றால் ‘இன்னும்’.

2. யாரேனும் பாராட்டினால், ‘ஆஜிக் மொரொஸ்ஸொயோ’ என்று சொல்லலாம். ‘இன்னும் வெகுதூரம் இருக்கிறது’ என்பது பொருள். இது கொரியர் வழக்கமாகச் சொல்லும் அடக்கமான மறுமொழி.

3. ‘சில்சில்ஹாதா’ என்ற சொல்லில் எச்சரிக்கை தேவை. துப்புரவும் சுறுசுறுப்பும் உள்ளவர் என்பது அதன் பொருள். ஒழுங்கின்மையைக் கண்டிக்கும்போது எதிர்மறை சேர்த்து ‘சில்சில்ஹாஜி மோத்தாதா’ என்பதே முறை. எதிர்மறையை விட்டுவிட்டால், திட்ட வந்தவர் பாராட்டியதாக முடியும்!

முடிவுரை

ஒரு மொழியின் சொற்களைக் கற்பது அம்மொழியினர் உலகைப் பார்க்கும் சன்னலைத் திறப்பதாகும். கொரியச் சன்னல் வழியே பார்த்தபோது நம் சமையலறையும் நம் மாமரமுமே நமக்குத் தெரிந்தன. பச்சரிசியை யாரும் குப்பையில் கொட்டுவதில்லை, உலையில் இடுகிறோம். மாங்காயை யாரும் வெறுப்பதில்லை, பழுக்க வைக்கிறோம். பிள்ளைகளின் கைக்கு மட்டும் அந்தப் பொறுமையை ஏன் மறுக்க வேண்டும்?

பெற்றோரே, எங்களுக்கு ஒன்று வராதபோது ‘வராது’ என்று சொல்லாமல் ‘இன்னும் வரவில்லை’ என்று சொல்லுங்கள். குற்றம் செய்தால் தவறாமல் கண்டியுங்கள். தோழியரே, அடுத்த பெஞ்சில் திக்கித் திக்கிப் படிப்பவளுக்குப் பட்டப்பெயர் வைக்காமல் இருப்போம். அவளும் அடுப்பின்மேல்தான் இருக்கிறாள். நாமும் அங்கேதான் இருக்கிறோம். ஆஜிக்!